முஃப்தியின் கடிதமும் என் நன்றியுரையும்

பாலேந்திராவைப் பற்றி எழுதச் சொன்னால் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எவரும் நல்லதைத்தான் எழுதுவார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். வேறு எழுத அந்த மனுசனிடம் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். ஆனால் அவன் மேல் எனக்கிருந்த பொறாமையை ஒளித்துவிட்டு எழுதினால் கதை பாதிதான் வரும். ஆகவே அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் தியாகராஜா. பேராதனையில் சரித்திரம் படித்துச் சிறப்புப் பட்டம் எடுத்தவன். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் அதே பாடத்தைப் படிப்பித்தவன். ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள் இல்லை, எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. 1985இல் லண்டனுக்கு வந்தபோது அந்தப் பட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் உட்கார்ந்து, காற்றடிக்கும் மெசின் வேலை செய்யவில்லை என்று கத்துகிறவனிடமெல்லாம் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான், மாஸ்டர்.

பாலேந்திரா எனக்கு ஒரு வருடம் பிந்தி வந்தவன். ஊரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர். உயர்தரப் பரீட்சை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கோட்டை விட்டவன். லண்டனில் சுரங்க ரயில் நிலையமொன்றின் வாசலில் நின்று டிக்கெற் பார்க்கிற வேலை கிடைத்தது. "அங்கயும் டிக்கெற், இஞ்சயும் டிக்கெற், மாஸ்டர். என்ர தலையில எழுதினவன் வேற சொல் படிக்கேல்லை போல" என்று சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அந்த நாட்களில் அவனோடு சிரிப்பதில் எனக்கு ஒரு நட்டமும் இருக்கவில்லை.

நட்டம் தொடங்கியது பிளேஸ்டோ தமிழ் வாசகர் அவையில். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒரு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் கூடுவோம். தலைவர் தில்லையம்பலம், கணக்காளர், தங்கமான மனுசன், நேரம் மட்டும் தெரியாது. எங்கள் கூட்டங்களின் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மங்கள விளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, கடைசியில் நன்றியுரை. நன்றியுரை தொடங்கினால் சனம் எழும்பிவிடும். பின் மேசையில் மரக்கறி றோல்சும் வடையும் தேநீரும் காத்திருக்கும்போது எவன் நன்றியைக் கேட்பான்? கதிரை இழுபடும் சத்தத்துக்கு நடுவில், வெறும் முதுகுகளைப் பார்த்து, மண்டபம் தந்தவருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி சொல்லி முடிக்க வேண்டும்.

முதல் வருடம் சிறப்புரை நான்தான். சூயஸ் கால்வாயைப் பற்றி ஒன்றேகால் மணித்தியாலம் பேசினேன். வந்தது பன்னிரண்டு பேர். அதில் ஐந்து பேர் நித்திரை. அடுத்த கூட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் தில்லையம்பலம் பாலேந்திராவை ஏற்றிவிட்டார். அவன் நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசிக்கிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனும் அதே சூயசைத்தான் எடுத்தான். குறிப்புத்தாள் இல்லை. கொண்டக்டர் பஸ்ஸின் மிதிபலகையில் நிற்கிறமாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்று, கப்பல் ஒன்றில் எங்களை ஏற்றி, ஒவ்வொரு துறைமுகமாகக் கூவிக் கூவி இறக்கினான். சனம் கைதட்டியது. "மாஸ்டர் சொல்லேக்க விளங்கேல்லை, இப்பத்தான் விளங்குது" என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். கையிலிருந்த வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அன்றிலிருந்து சிறப்புரை அவனுக்கு, நன்றியுரை எனக்கு. நாலு வருடம்.

வீட்டில் மனைவி சந்திரவதனா வேறு. "இஞ்சாருங்கோ, அவர் சொல்லுறது கேட்க எவ்வளவு நல்லா இருக்கு. நீங்களும் அப்பிடி ஒருக்கால் சொல்லிப் பாருங்கோவன்" என்பாள். "எனக்குப் பஸ் ஓட்டத் தெரியாது" என்பேன். "அவருக்கும் தெரியாது, அவர் டிக்கெற் குடுத்தவர்" என்று திருப்பித் தருவாள். அவள் வாயை வெல்ல ஏலாது.

1991 பெப்ரவரியில் தில்லையம்பலம் பெற்றோல் நிலையத்துக்கே வந்து என்னைக் கண்டார். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், குவைத்திலிருந்து ஓடிவந்த எங்கள் ஆட்களின் கதைகள்தான் எங்கும்.

"மாஸ்டர், ஈஸ்டர் லீவுக்குப் பிறகு எங்கட பிள்ளையளின்ர சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில வரலாறு வகுப்பு ஒண்டு தொடங்குறம். பாலேந்திராவைப் போடுவம் எண்டு கமிட்டியில கதைச்சவை. மார்ச் கூட்டம் முடியேக்க அறிவிப்பம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

காத்திருந்தவன் பெண்டிலை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை. பட்டதாரி கல்லாவில் நிற்கிறான், கொண்டக்டருக்கு வகுப்பு! அவரைப் பார்த்து, "நல்ல யோசனை" என்றேன். அடுத்து வந்தவனுக்கு மீதிக் காசைப் பிழையாக எண்ணிக் கொடுத்தேன்.

அந்த மார்ச் கூட்டத்துக்கு அவன் எடுத்த விசயம் ஜெருசலேமின் முஃப்தி. முஃப்தி என்றால் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். ஆங்கிலேயர் பாலஸ்தீனத்தை ஆண்ட காலத்தில் அரபு மக்களுக்குப் பெரிய தலைவராயிருந்து, பிறகு உலகப் போரில் ஹிட்லரோடு சேர்ந்துகொண்ட ஆள். மத்தியகிழக்கைப் பற்றியே ஊர் கதைக்கிற நேரத்தில் இவரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே என்று அவனுக்கு ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தான். "மாஸ்டர், எனக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலும். ஆனா இந்த ஒரு கடிதம் பிழையில்லாமல் தமிழில வரவேணும். ஒரு சொல் மாறினாலும் பாவம். நீங்கள்தான் செய்து தரவேணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், பெருமைச் சந்தோசம்தான். கடைசியில் என்னட்டைத்தானே வந்தான். சாப்பாட்டு மேசையில் இருந்து, அகராதியைத் திறந்து, என் கையெழுத்திலேயே எழுதினேன். 1943 ஜூன் மாதம் பெர்லினிலிருந்த முஃப்தி ஹங்கேரியின் வெளிநாட்டு அமைச்சருக்கு எழுதிய கடிதம். யூதப் பிள்ளைகள் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட ஆயத்தமாகிறார்கள், அவர்களை விடாதீர்கள் என்கிறார். அனுப்பத்தான் வேண்டுமென்றால் கடுமையான கண்காணிப்பு உள்ள வேறு நாட்டுக்கு அனுப்புங்கள், உதாரணமாகப் போலந்துக்கு என்கிறார். 'போலந்து' என்று எழுதும்போது என் பேனை நின்றது. அங்கேதான் நாசிகள் யூதர்களை முகாம்களில் கொன்றுகொண்டிருந்தார்கள் என்று சரித்திரம் படித்தவனுக்குத் தெரியாதா? சந்திரவதனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, முகம் ஒருமாதிரி?" என்றாள். வாசித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்தபடி அப்படியே நின்றாள்.

பாலேந்திரா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "எழுத்து மணி மணியா இருக்கு மாஸ்டர். ஒண்டு சொல்லட்டே? இந்த வகுப்பு கிடைச்சால் எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். ஒருக்கால் எண்டாலும் கரும்பலகைக்கு முன்னால நிக்க வேணும். எங்கட ஐயா நான் வாத்தியாரா வருவன் எண்டுதான் கடைசிவரைக்கும் நினைச்சவர்" என்றான். ஆசையை இப்படிப் பச்சையாகச் சொல்கிறவனை என்ன செய்வது? எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. வாசல் கதவைச் சாத்தினவுடன் போய்விட்டது.

மார்ச் கடைசி ஞாயிறு மண்டபம் நிரம்பி, சனம் சுவரோடும் நின்றது. லண்டனின் மற்ற அந்தத்திலிருக்கும் மோர்டனிலிருந்துகூட இரண்டு கார் வந்திருந்தது. பாலேந்திரா கோட் போட்டுக்கொண்டு வந்தான், கோட்டின் தோள் அவனுக்குக் கொஞ்சம் பெரிது.

"வாங்கோ, ஏறுங்கோ, ஜெருசலேமில பஸ் வெளிக்கிடுது" என்று தொடங்கினான். 1937இல் ஆங்கிலேயர் பிடிக்க வர முஃப்தி அங்கிருந்து தப்புகிறார். "லெபனான் இறக்கம்! ரெண்டு வருசம் நிப்பாட்டி வைச்சிருக்கு. பாக்தாத் இறக்கம்! அங்க ஆங்கிலேயருக்கு எதிராக் கிளர்ச்சி, அதிலயும் இவர் கை. தோத்தாச்சு, தெஹ்ரான்! ரோம்! எல்லாரும் இறங்குங்கோ, பெர்லின் வந்திட்டுது. 1941 நவம்பர். ஹிட்லரின்ர வாசல்." சனம் சிரித்தது. அதன்பிறகு அவன் சிரிப்புக்காட்டவில்லை. பெர்லின் வானொலியில் அரபு மொழியில் அவர் பேசியதைச் சொன்னான், யூதர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று சொன்னதையும் சொன்னான். பொஸ்னிய முஸ்லிம்களை நாசிப் படையில் சேர்க்க ஊர் ஊராகப் போனதைச் சொன்னான். பிறகு தாளை எடுத்து, என் தமிழை, ஒரு சொல் மாறாமல் வாசித்தான். அடுத்த வருடமே ஹங்கேரியின் யூதர்களை லட்சக்கணக்கில் போலந்துக்கு ரயில் ஏற்றினார்கள் என்றான். "கடிதத்தாலதான் ஏத்தினவை எண்டு நான் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியாது. அவர் இப்பிடி எழுதினவர் எண்டதுதான் தெரியும்."

தாளைக் கையில் வைத்தபடியே தொடர்ந்தான்.

"போர் முடிஞ்சு அவரை ஒருத்தரும் விசாரிக்கேல்லை. கெய்ரோவுக்குப் போனார், பிறகு பேய்ரூத்தில 1974இல செத்தார். இண்டைக்கு ஒரு பகுதி அவர் செய்ததை மூடி மறைக்குது. மற்றப் பகுதி அவரின்ர படத்தைக் காட்டி, பாலஸ்தீனச் சனம் எல்லாமே இப்பிடித்தான் எண்டுது. அதே போரில ஆயிரக்கணக்கான பாலஸ்தீன அரபுக்காரர் ஹிட்லருக்கு எதிரா ஆங்கிலேயப் படையில சேர்ந்தவை, அவையின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. வீடு வாசல் இழந்த அந்தச் சனத்தின்ர துக்கம் உண்மை. இந்த மனுசன் செய்ததும் உண்மை. ஒண்டைச் சொல்லுறதுக்காக மற்றதை விழுங்கக்கூடாது."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன், உள்ளங்கை சுட்டது. தில்லையம்பலம் பொன்னாடையைப் போர்த்தினார். "ஒரு சந்தோசமான அறிவித்தல் இருக்கு. அதுக்கு முதல் மாஸ்டர் நன்றியுரை சொல்லுவார்" என்றார். வழக்கம்போலக் கதிரைகள் இழுபடத் தொடங்கின. பாலேந்திராவைச் சுற்றி ஆட்கள். ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து, "நீர்தான் உண்மையான மாஸ்டர்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"இருங்கோ" என்றேன் ஒலிபெருக்கியில். "நன்றி சொல்ல முதல் ஒரு விசயம். எல்லாரும் இருங்கோ." நாலு வருடத்தில் முதல் தரம் சனம் திரும்பி உட்கார்ந்தது.

"நான் சரித்திரம் முறையாப் படிச்சவன். இப்ப வாசிச்ச கடிதத்துக்கு என்ன ஆதாரம்? போரில வெண்டவன் அச்சடிச்ச புத்தகம். எங்களைப் பற்றிக் கொழும்புப் பேப்பர் எழுதுறதை நாங்கள் நம்புறமோ? அடக்கப்பட்ட சனத்தின்ர தலைவர்களைப் பற்றி எதிரி இப்பிடித்தான் எழுதுவான். எதிரிக்கு எதிரி நண்பன் எண்டு ஒரு தலைவன் போனால் அது குற்றமோ?" மண்டபத்தின் பின்பக்கத்தில் யாரோ "அதுதானே!" என்றார்கள். அந்த "அதுதானே" சாராயம்போல ஏறியது. "நேதாஜியும் பெர்லினுக்குப் போய் ஹிட்லருக்குக் கை குடுத்தவர்தான். எங்கட வீடுகளில அவரின்ர படம் தொங்குது. பாலேந்திரா, நீர் சபைக்கு முன்னால சொல்லும். நேதாஜியும் துரோகியோ?"

இந்தக் கேள்வியில் தப்ப வழியில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களிடம் நேதாஜியைத் தொட்டவன் கெட்டான். ஊரில் அந்தப் பெயர் விழுந்த ஆட்களைச் சுட்டுப்போட்ட அந்த நாட்களில் 'துரோகி' என்ற சொல் எவ்வளவு பாரம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எறிந்தேன்.

வேறு யாராயிருந்தாலும் மழுப்பியிருப்பான். இந்த விசர் மனுசன் எழும்பி நின்றான், பொன்னாடை தோளில். "துரோகி எண்டு நான் ஒருத்தரையும் சொல்லேல்லை. எங்கட வீட்டிலயும் நேதாஜி படம் இருக்கு. ஆனா ஹிட்லருக்குக் கை குடுத்தது ரெண்டு பேருக்கும் பிழைதான். இவர் அதோட நிக்கேல்லை, பிள்ளையளைப் போக விடாதை எண்டு எழுதினவர்."

'ரெண்டு பேருக்கும் பிழைதான்' என்றதற்குப் பிறகு அவன் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. "நேதாஜி பிழையாம்!" "ஆர் உமக்கு உந்தப் பாடம் எழுதித் தந்தது?" "இறங்கும் கீழ!"

எழுதித் தந்தது யார் என்று கேட்டார்களே, அவன் கையில் அந்தத் தாள் இருந்தது. பிளேஸ்டோவில் பாதிப்பேருக்கு கவுன்சில் கடிதமும் அரசாங்க பெனிபிட் காசுக்கான கடிதமும் எழுதிக் கொடுத்தவன் நான். என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். தாளை ஒருதரம் உயர்த்திப் பிடித்திருந்தால் என் கதை அதோடு சரி. அவன் என்னைப் பார்த்தான். நான் ஒலிபெருக்கியின் வயரைப் பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

தில்லையம்பலத்தின் சந்தோசமான அறிவித்தல் அன்று வரவில்லை. பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. "பெற்றோர் ஒரு மாதிரிக் கதைக்கினம் மாஸ்டர். வகுப்பை நீங்களே எடுங்கோவன்." எடுத்தேன். எனக்கு வெட்கமில்லை என்று நினைக்காதீர்கள், சந்தோசம் அதைவிடக் கூடவாயிருந்தது. சந்திரவதனா மட்டும் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில், "அண்டைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டினது எதிரியின்ர பொய்யே?" என்று கேட்டாள். "சும்மா இரும்" என்றேன். அதன்பிறகு அவள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

முதல் சனிக்கிழமை வகுப்பு வாசலில் பாலேந்திரா நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் அவன் மகள், ஒன்பது வயது.

"பிள்ளையைச் சேர்க்க வந்தனான், மாஸ்டர்."

"அண்டைக்கு..." என்று இழுத்தேன்.

"அதை விடுங்கோ. பெரியாக்கள் எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். ஒரு விசயம்தான். பாடம் அந்த இடத்துக்கு வரேக்க பிள்ளையளுக்கு உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ. அவ்வளவுதான் கேட்கிறன்."

"ஓம்" என்றேன்.

ஆறு வருடம் வகுப்பெடுத்தேன். நல்லாகத்தான் எடுத்தேன். சிந்துவெளி, சோழர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், முதலாம் உலகப் போர் எல்லாம் ஒழுங்காய் வரும். ஒவ்வொரு வருடமும் 1939 வந்தவுடன் எனக்குக் காய்ச்சல் வரும், அல்லது பரீட்சைக்குத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும். உள்ளதைச் சொன்னால் அன்று மண்டபத்தில் சொன்னது பொய் என்றாகும். பொய்யையே திருப்பிச் சொல்லலாமென்றால், முன்வாங்கில் அவன் மகள் இருந்தாள். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் வகுப்பை விட்டு நின்றுவிட்டாள். ரயில் நிலையத்தில் கண்டபோது பாலேந்திரா, "நெற்போல் விளையாட்டுப் பிறக்டிஸ், மாஸ்டர், குறை நினையாதேங்கோ" என்றான். வாசகர் அவையில் அவன் திரும்பப் பேசவேயில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

1997இல் முழங்கால் நோவென்று வகுப்பை விட்டேன். தில்லையம்பலம் வீட்டுக்கு வந்தார். ஆள் நல்லாய் வயதுபோயிருந்தார்.

"அந்தப் பழைய விசயத்தையெல்லாம் சனம் மறந்திட்டுது. உங்களுக்குப் பிறகு ஆரைப் போடலாம், மாஸ்டர்? நீங்கள் சொல்லுற ஆளைப் போடுவம்."

சந்திரவதனா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பெயர் என் நாக்கில் வந்து நின்றது, சத்தியமாக வந்து நின்றது. கூடவே அவன் சாய்ந்து நின்று கூவுவதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும், "முந்தின மாஸ்டரை விட இவர் நல்லம்" என்று அதுகள் வீட்டில் போய்ச் சொல்வதும் கண்ணுக்குள் வந்தது.

"ஆளில்லை" என்றேன்.

அந்த வருடத்தோடு வரலாறு வகுப்பை மூடிவிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பாலேந்திரா தொலைபேசி எடுத்தான். "மாஸ்டர், முழங்கால் எப்பிடி? உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆளில்லையெண்டு சொன்னியளாம், தில்லையம்பலம் அண்ணை சொன்னார். சரியாத்தான் சொன்னியள். படிச்ச ஆக்கள் வேணும் அதுக்கு" என்றான். குத்திக் கதைக்கிறானோ என்று கூர்ந்து கேட்டேன். இல்லை, மனதாரத்தான் சொன்னான். ரிசீவரை வைத்துவிட்டு நான் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அழவில்லை. இப்படி ஒரு மனம் இவனுக்கு எங்கிருந்து வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று அப்போதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.